பிள்ளை சிங்கப்பூர் போகுமுன்: மருத்துவக் காப்புறுதி

பால்மரமும் செம்பனையும் வாழவைத்த சித்தியவான் வட்டாரக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவது இன்று சாதாரணமாகிவிட்டது. பெட்டி கட்டும்போது சம்பளம் எவ்வளவு, தங்குமிடம் எங்கே என்று விசாரிக்கிறோம். நோயில் விழுந்தால் மருத்துவமனைக்கு யார் பணம் கட்டுவார் என்று நாம் கேட்பதில்லை. கேட்கிறவர் காப்புறுதி ஏஜெண்டு ஒருவர்தான். அவர் கேட்டதும் பயந்துபோய்க் கையெழுத்தைப் போட்டுவிடுகிறோம்.

நோய்க்கென்று முன்கூட்டியே பணம் கட்டும் பழக்கம் நமக்கு இல்லாததற்குக் காரணம் உண்டு. கடல் கடந்து வந்த நம் பாட்டன் பாட்டிகளுக்கு, 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் கீழ்த் தோட்ட ஆஸ்பத்திரி இருந்தது, டிரசர் இருந்தார். அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நாம் சொல்லவில்லை. இருந்தது என்பதுதான் பேச்சு. இன்று நமக்கு ஸ்ரீ மஞ்சோங் அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். ஆனால் இந்தச் சலுகை ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டி நம்மோடு வராது. சிங்கப்பூர் அரசாங்க மருத்துவமனைகளின் கட்டணக் கழிவும், 2015-இல் தொடங்கிய மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியவை. நம் பிள்ளைக்கு வருவது முழு பில்.

அதற்காக உடனே ஒரு பாலிசி வாங்க ஓட வேண்டாம். பிள்ளைக்குக் கிடைத்திருப்பது எந்தப் பாஸ் என்று முதலில் கேளுங்கள். ஒர்க் பெர்மிட் அல்லது எஸ் பாஸ் என்றால், மருத்துவக் காப்புறுதி எடுத்துக் கொடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. அந்தச் சந்தாவைச் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. முன்பு ஆண்டுக்குக் குறைந்தது 15,000 வெள்ளிக்குக் காப்புறுதி இருந்தால் போதும் என்றிருந்தது. 2023 ஜூலை முதல் அது 60,000 வெள்ளியாயிற்று. கணக்கு எப்படி என்று பார்ப்போம். மருத்துவமனை பில் 35,000 வெள்ளி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 15,000-ஐக் காப்புறுதி நிறுவனம் முழுவதும் கட்டும். மிச்சம் 20,000-இல் முக்கால் பங்கு, அதாவது 15,000, அதே நிறுவனத்தின் பொறுப்பு. கால் பங்கான 5,000 முதலாளியின் பொறுப்பு. இவ்வளவும் இருக்கும்போது, அதே படுக்கைச் செலவுக்கு நாம் இன்னொரு பாலிசி வாங்குவது ஒரே கூரைக்கு இரண்டு முறை தகரம் போடுகிற வேலை.

வேடிக்கை என்னவென்றால், படித்துப் பட்டம் பெற்று எம்ப்ளாய்மெண்ட் பாஸில் போகிற பிள்ளைக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. சம்பளம் கூட, சட்டம் தரும் பாதுகாப்பு குறைவு. கம்பெனி தானாகக் காப்புறுதி தருகிறதா என்று வேலை ஒப்பந்தத்தில் எழுத்தில் பார்க்க வேண்டும். தராவிட்டால், பணம் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்.

வேலையில் அடிபட்டால் அது வேறு கணக்கு. சிங்கப்பூரில் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் உண்டு. நம் சொக்சோ 1971 முதல் இருக்கிறதே என்று அதை நம்பியிருக்க முடியாது; அங்குள்ள முதலாளி சொக்சோவுக்குச் சந்தா கட்டுவதில்லை.

கட்டாயக் காப்புறுதியிலும் ஓட்டை உண்டு. மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையும், அன்றே வீடு திரும்பும் அறுவைச் சிகிச்சையுமே அதில் அடங்க வேண்டும் என்பது விதி. காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் கிளினிக் போனால் பணம் யார் தருவது என்று போகுமுன்பே கேட்டுவிடுங்கள்.

இனி, இங்கே விற்கப்படும் மெடிக்கல் கார்டு. அதை வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் சமாளிக்கலாம் என்று பலரும் எண்ணுகிறார்கள். பல கார்டுகளில், தொடர்ந்து 90 நாட்களுக்கு மேல் மலேசியாவுக்கு வெளியே இருந்தால் அங்கே ஆகும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று ஒரு விதி பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். வாங்கிய முதல் 30 நாட்களில் வரும் நோய்க்கும், சில குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாட்கள் வரையிலும், பணம் தரமாட்டார்கள். இனிப்புநீர், இரத்த அழுத்தம் இருப்பதை மறைத்துக் கையெழுத்திட்டால், பின்னால் கேட்கும்போது கை விரித்துவிடுவார்கள். ஏஜெண்டு அவசரப்படுத்தினாலும், பாலிசி கைக்கு வந்த பிறகு 15 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துக் கட்டிய பணத்தைப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த நாட்களில் ஆங்கிலமோ மலாயோ தெரிந்த ஒருவரிடம், பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடமானாலும் சரி, கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எங்களிடம் கொண்டுவருவதில் கூச்சம் வேண்டாம்.

ஒன்று விட்டுப்போயிற்று. முதலாளி எடுக்கும் காப்புறுதி அந்தத் தொழிலாளி ஒருவருக்கு மட்டுமே. தோட்டத்தில் இருக்கும் தாய் தகப்பனுக்கு அதில் பங்கில்லை. அவர்களுக்கு ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனைதான். அங்கே போய்வரும் கார் செலவுக்கும் மருந்துக்கும் பிள்ளை அனுப்பும் பணத்தில் மாதாமாதம் ஒரு சிறு தொகையை எடுத்துவைத்தால், பல வீடுகளுக்கு அது போதும்.