ஆங்கில மரபுத்தொடர்களும் நம் சிறுவர்களும்



தமிழ்ப்பள்ளியில் பயிலும் நம் சிறுவர்கள் ஆங்கிலப் பாடத்தில் இடறி நிற்கும் ஓர் இடத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். தொடரிலுள்ள எல்லாச் சொற்களுக்கும் பொருள் தெரிந்திருக்கும். ஆயினும் தொடரின் கருத்து விளங்காது. 'இட் இஸ் ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பதைப் படிக்கும் சிறுவன், வானிலிருந்து பூனையும் நாயும் விழுவதாகப் பொருள் கூறுகிறான். பெருமழை பெய்கிறது என்பதே அதன் கருத்து. அவன் கூறியதைக் கேட்டு வகுப்பில் சிரிப்பொலி எழுமானால், மறுமுறை வாய் திறக்கவே அஞ்சுவான். இழப்பு ஒரு தொடரோடு நிற்பதில்லை. அம்மொழியைப் பேசும் துணிவே குன்றிவிடுகிறது.

இவ்வச்சம் தேவையற்றது. 'திருடன் கம்பி நீட்டினான்' என்றால் அவன் ஓடிவிட்டான் என்பதை நம் சிறுவர் அறிவர். மலாய்மொழியில் 'காக்கி ஆயாம்' என்பதன் நேர்ப்பொருள் கோழிக்கால். கருத்தோ காலணியில்லாத வெறுங்கால். இரு மொழிகளில் அறிந்த ஒன்றை மூன்றாம் மொழியில் அறிவது அரிதன்று. அவ்வாறே, ஆங்கிலத்தில் 'எ பீஸ் ஆஃப் கேக்' என்றால் மிக எளிய செயல். பையிலிருந்து பூனையை வெளியே விடுதல் என்றால் மறைத்து வைத்த செய்தியை வெளியிட்டுவிடுதல்.

மரபுத்தொடர் வாக்கியத்தின் ஓர் உறுப்பாக அமையும். பழமொழியோ பெரும்பாலும் தானே நிறைவான வாக்கியமாக நின்று அறிவுரை பகரும். அதனை, அது பிறந்த நிலத்தோடு சேர்த்துக் கற்பித்தல் நலம். 'மேக் ஹே வைல் தி சன் ஷைன்ஸ்' என்னும் பழமொழி, ஜான் ஹேவுட் என்பார் 1546ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுப்பிலேயே காணப்படுகிறது. இங்கிலாந்தில் குளிர்காலத் தீவனத்திற்காகக் கோடையில் புல்லை அறுத்து வெயிலில் உலர்த்துவர். இடையில் மழை பெய்தால் புல் கெட்டுவிடும். ஆகவே, வெயில் உள்ளபோதே வேலையை முடித்துக்கொள் என்றனர். நம் முன்னோர் நெற்களத்தில் நின்று, 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்றனர். மரப்பட்டை நனைந்தால் பால்வெட்டு இல்லை என்பதை அறிந்த தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்விரண்டும் உடனே விளங்கும்.

பெற்றோர்களே! உங்களுக்கு ஆங்கிலம் தெரியாமலிருக்கலாம். ஆயினும் நீங்கள் உதவ இயலும். பிள்ளை ஒரு பழமொழியைக் கற்றுவந்தால், அதன் கருத்தைக் கூறச் சொல்லுங்கள். அதற்கு ஒப்பான தமிழ்ப் பழமொழியை நீங்கள் எடுத்துக் கூறுங்கள். 'எ ஸ்டிட்ச் இன் டைம் சேவ்ஸ் நைன்' என்றால், காலத்தில் போடும் ஒரு தையல் பின்னர் ஒன்பது தையல்களை மிச்சமாக்கும் என்பதாகும். கிழிந்த சட்டையைத் தைக்கும் தாயைவிட இதனை விளக்க வல்லவர் யார்?

மாணவர்களே! நீண்ட பட்டியலை மனனம் செய்வதால் பயனில்லை. வாரம் 2 தொடர்கள் போதும். ஒவ்வொன்றையும் கருத்துணர்ந்து, சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுங்கள். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்காதீர்கள். விளங்காதபோது ஆசிரியரைத் தயங்காது கேளுங்கள். தோழன் தவறாகப் பொருள் கூறினால் நகைக்காதீர்கள்; திருத்தி உதவுங்கள்.