பழங்குடியினரும் நல்வாழ்வுச் செய்தியும்



அரிவாள் செல் சோகையை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்டது. பழங்குடியினர் மிகுந்த பகுதிகளில் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைச் சோதித்து, முடிவை அட்டையாக வழங்குவது திட்டம். சோதிப்பது எளிது, அட்டையை விளக்குவதே கடினம்.

நோய்க்கூறு மட்டும் உடையவர் நோயாளி அல்லர். பெற்றோர் இருவரிடமும் அக்கூறு இருந்தால்தான், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. இதை விளக்காமல், மணம் கூடாது என்று மட்டும் அறிவித்தால் பழி பெண்மீதே விழும். அட்டையும் பெட்டிக்குள் மறைந்துவிடும்.

அதிலாபாத் பகுதிக் கோண்டு மக்களின் குலங்கள் நான்கு, ஐந்து, ஆறு, ஏழு தெய்வங்களுக்குரிய பிரிவுகளாக அமைந்தவை. ஒரே பிரிவினர் தம்முள் மணப்பதில்லை. அதனால் எவரும் இழிந்தவராகிவிடுவதில்லை. அவ்விரு குடும்பங்களும் சம்பந்தம் செய்துகொள்வதில்லை, அவ்வளவே. இரு அட்டைகளைப் பற்றியும் இவ்வாறே பேசலாமே! சுவரொட்டி எழுதும் நம் அலுவலகங்களுக்கு இது ஏனோ தோன்றுவதில்லை. குலம் விசாரிக்கும் பெரியவர்களே ஆண், பெண் இருவர் அட்டையையும் ஒருங்கே கேட்கட்டும்.

பேச்சு கோண்டியில் நிகழ வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 30 லட்சம் பேரின் தாய்மொழியான இத்திராவிட மொழி எட்டாவது அட்டவணையில் இடம்பெறவில்லை. ஆகவே தெலுங்குத் துண்டறிக்கையே போதும் என்று கருதிவிடுகிறோம்.

மணம் முடிந்த இல்லங்களில் இப்பேச்சு பயன்படாது. அங்கே கருவுற்ற தொடக்கத்திலேயே செய்யும் சோதனையையும், நோயுற்றோர்க்கான ஹைட்ராக்சியூரியா மருந்தையும் எடுத்துரைக்க வேண்டும்.