வரிசை தப்பும் கோலப் புள்ளிகள்



பிளவக்கல் அணைக்குப் போகும் வழியில் இருக்கிற கூமாப்பட்டியில் ஒரு பாட்டி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து புள்ளிக் கோலத்தைப் பேசிக்கொண்டே போட்டு முடிப்பவர். சில வருஷமாக அவருக்குப் பார்க்கின்சன் நோய், நாம் நடுக்குவாதம் என்கிறோமே, அது. மாத்திரையில் கைநடுக்கம் குறைந்திருக்கிறது. ஆனால் கோலம் மட்டும் சரியாக வரவில்லை. புள்ளிகள் ஒரு பக்கமாகச் சாய்கின்றன. புள்ளியைச் சுற்றி வளைய வேண்டிய இழை புள்ளி மேலேயே ஏறிவிடுகிறது. காப்பியை ஊற்றினால் டம்ளருக்கு வெளியே விழுகிறது. கட்டிலில் உட்காரப் போனால் விளிம்பில் சறுக்குகிறது. “பார்த்து ஊத்தக் கூடாதா அத்தை?” என்கிறார் மருமகள்.

அத்தை பார்த்துத்தான் ஊற்றினார். கண் பார்த்ததிலிருந்து எது எவ்வளவு தூரம், எது முன்னால், எது பின்னால் என்று கணக்கிடுவது மூளையின் வேலை. பார்க்கின்சன் நோய் அந்த வேலையையும் கெடுக்கும். கண்புரை இருந்தால் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம், நல்லதுதான். ஆனால் அதற்குப் பிறகும் நிலைப்படி தடுக்கினால் குறை கண்ணில் இல்லாமலும் இருக்கலாம்.

1817இல் இந்த நோயை விவரித்த லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், அறிவுக்குக் கேடு வராது என்றே எழுதினார். அந்த எண்ணம் வெகுகாலம் நிலைத்துவிட்டது. இன்றும் பல வீடுகளில் நடுக்கத்தைப் பற்றி மட்டும்தான் டாக்டரிடம் சொல்கிறார்கள்.

நம் சென்னைக்கும் இந்த நோயின் மருந்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1937இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். இன்றைக்கு முதன்மையான மாத்திரை அதே லெவோடோபாதான். கை கால் இறுக்கத்தை அது நன்றாகத் தளர்த்தும். தூரம் தப்புவதை அந்த அளவுக்குத் திருத்தாது. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைவதைத்தான் மாத்திரை ஈடுகட்டும்; தூரம் தப்புவதற்கு அது மட்டுமே காரணம் இல்லை. மருந்து இருக்கிறதே என்று பூனைக்காலி விதையை இடித்து மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டுவிடாதீர்கள். மருந்தின் அளவு கூடிப்போகும்.

வீட்டில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு இந்த நோய் உள்ளவர்கள் கண்ணுக்குப் பிரிந்து தெரியாமல் போகலாம். வாழை இலையில் போடுங்கள், பளிச்சென்று தெரியும். படி விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் ஒரு பட்டை அடியுங்கள். கொடியில் தொங்கும் வேட்டி, மங்கலான வெளிச்சத்தில் ஆள் நிற்பதுபோல் தோன்றலாம். ராத்திரி ஒரு விளக்கு எரியட்டும். வயதானவர் இன்னும் மொபெட் ஓட்டித் தோப்புக்குப் போகிறார் என்றால், இந்த அறிகுறிகள் தெரிந்த பிறகு சாவியை வாங்கி வைப்பதே நல்லது. அவருக்கு மனசு நோகும். அதனால் போகிற நேரத்தில் ஒருவர் கூட்டிக்கொண்டு போக ஏற்பாடு செய்துவிட்டு வாங்குங்கள்.

மதுரை ராஜாஜி மருத்துவமனை நரம்பியல் பிரிவுக்குப் போனால் மறதி, வழி குழம்புவது, இல்லாத ஆள் தெரிவது எல்லாவற்றையும் சொல்லுங்கள். கடிகாரம் வரையச் சொல்லிக்கூடப் பார்ப்பார்கள். சாப்பிடும் மாத்திரைச் சீட்டு அத்தனையும் கையில் இருக்கட்டும். நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்சிபெனிடில் வயதானவர்களுக்கு மறதியையும் குழப்பத்தையும் கூட்டலாம். அதை மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று உளறினால், நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தாலும் அப்படி ஆகும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.