ஏறிய கியரிலேயே இறங்குக



போடிநாயக்கனூரிலிருந்து மூணாற்றுக்குச் செல்லும் மலைப்பாதையை உங்களுள் சிலர் கண்டிருப்பீர்கள். முந்தலைக் கடந்ததும் பாதை மலைமேல் ஏறத் தொடங்குகிறது. 17 கொண்டையூசி வளைவுகளைச் சுற்றி மேலே வந்தால் போடிமெட்டு. இப்பக்கம் தமிழ்நாடு, அப்பக்கம் கேரளம். பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் வாழும் ஊர் அதுவே. அப்பாதையில் லாரி ஓட்டும் ஒருவருடைய மகனும் நானும் சேர்ந்து, வானொலி அலையால் இயங்கும் மாதிரி லாரி ஒன்றைச் செய்தோம். அதனால் நாங்கள் கற்றதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

‘பொம்மை லாரிதானே’ என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் இப்பொழுது என் குரலைக் கேட்பதும், அந்த லாரி என் கட்டளையைக் கேட்பதும் ஒரே இனத்து அலையினால்தான். அதிர்வெண் மட்டுமே வேறு. 1890-களில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், இடையே கம்பி ஏதுமின்றி, எட்ட இருந்த மணியை மின்காந்த அலைகளால் ஒலிக்கச் செய்து காட்டினார். 1898-இல் நிக்கோலா டெஸ்லா, நியூயார்க்கில் ஒரு தொட்டி நீரில் சிறு படகொன்றைத் தொலைவிலிருந்தே இயக்கிக் காட்டினார். எங்கள் லாரி அந்தப் படகின் வழித்தோன்றல் அன்றோ?

வெளிநாட்டிலிருந்து வந்த என் மகன், உதிரிப் பாகங்கள் நிறைந்த பெட்டியொன்றைக் கொண்டுவந்து தந்தான். ஜப்பான் நாட்டில் 1946-இல் மரக்கடையாகத் தொடங்கிய தமியா நிறுவனம், 1976-இல் வானொலியால் இயங்கும் கார்களுக்கான பெட்டிகளை வெளியிட்டது. பின்னர் லாரிகளும் வந்தன. எங்களுடைய லாரி, உண்மை லாரியின் நீளத்தில் 14-இல் ஒரு பங்கு. நீளம் 14-இல் ஒன்றானால் கன அளவு எத்தனையில் ஒன்றாகும்? 14-ஐ மும்முறை பெருக்குங்கள்: 2,744. ஆகவே 16 டன் லாரியை அப்படியே சுருக்கினால் ஏறத்தாழ 6 கிலோ எடையே வரும். கணக்குப் பாடம் பயனற்றது என்பார்க்கு இதனைச் சொல்லுங்கள்.

பையனுக்கு வயது 14. பெட்டியைத் திறந்ததுமே, “ஐயா, முதலில் வர்ணம் அடித்துவிடலாமா?” என்றான். “பொறு தம்பி, முதலில் எலும்பு, பிறகு தோல்” என்றேன். அலுமினியத்தால் ஆன அடிச்சட்டம், வில் தகடுகள், அச்சுகள், மூன்று கியர்கள் கொண்ட பற்சக்கரப் பெட்டி என ஒவ்வொன்றாகப் பூட்டினோம். திருகாணியை அளவுக்கு மீறி முறுக்கினால் பிளாஸ்டிக்கில் புரி தேய்ந்துபோகும். தளர விட்டால் ஓட்டத்தில் கழன்றுவிடும். மூன்று வாரம் மாலைதோறும் அவன் வந்தான். ஒருநாள், “உன் தந்தை இவற்றையெல்லாம் நன்கு அறிவாரே” என்றேன். “அவர் வெறும் டிரைவர்தானே ஐயா” என்றான். அச்சொல் என்னை வருத்தியது. ஆயினும் நான் ஒன்றும் கூறவில்லை.

அடுத்து வர்ணப் பூச்சு. முன்கூண்டைச் சோப்பு நீரில் கழுவி, கையெண்ணெய் படாமல் உலர்த்தி, பிரைமர் பூசினோம். அதன்மேல் சிவப்பு அடித்த அன்று, ஆடி மாதத்து மூடுபனி வீட்டு வாசல்வரை வந்து நின்றது. நாளை அடிக்கலாம் என்று சொல்ல வேண்டிய நானும் ஆசையால் இசைந்துவிட்டேன். சிறிது நேரத்தில் சிவப்பின்மேல் பால் தெளித்தாற்போல் ஒரு வெண்மை படர்ந்தது. பையன் அழாத குறைதான். காரணம் என்ன? வர்ணத்திலுள்ள கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த செம்பில் நீர் வியர்ப்பதுபோலக் காற்றின் ஈரம் அங்கே படிகிறது. தவறு என்னுடையது என்று அவனிடம் ஒப்புக்கொண்டேன். ஒரு வாரம் காத்திருந்து, நுண்ணிய உப்புத்தாளால் நீர் தொட்டுத் தேய்த்து, வெயில் காய்ந்த ஒரு நண்பகலில், மெல்லிய பூச்சாக மும்முறை அடித்தோம். பெயர்ப்பலகையில் ‘போடி – மூணாறு’ என்று அவன் தன் கையாலேயே எழுதினான்.

ஓட்டிப் பார்க்கும் நாளில் அவனுடைய தந்தையும் வந்திருந்தார். வீட்டருகே உள்ள சரிவில், முதல் கியரில், மணல் மூட்டையைச் சுமந்துகொண்டு லாரி நிதானமாக ஏறியது. இறங்கும்போது பையன் உற்சாக மிகுதியால் மூன்றாம் கியருக்கு மாற்றினான். லாரி பாய்ந்து, வளைவில் கவிழ்ந்து, கூண்டின் ஒரு மூலை உடைந்தது.

தந்தை கடிந்துகொள்ளவில்லை. லாரியை நிமிர்த்தி வைத்து, “எந்தக் கியரில் ஏறினாயோ, அந்தக் கியரிலேயே இறங்கப்பா” என்றார். பிரேக்கை மட்டும் நம்பி மலையிறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும் என்றும், தாழ்ந்த கியரில் எஞ்சினே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றும் விளக்கினார். மாதிரி லாரியிலும் அவ்வாறே: தாழ்ந்த கியரில் சக்கரம் ஒருமுறை சுழல, மோட்டார் பலமுறை சுழல வேண்டும். அப்பளுவே வண்டியின் வேகத்தை அடக்கும். பையன் முதல் கியரில் மீண்டும் இறக்கினான். லாரி வளைவைத் திரும்பி எங்கள் காலடியில் வந்து நின்றது.

நெடுநேரம் அவன் தந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்: “அப்பா, ஒவ்வொரு நாளும் 17 வளைவிலும் இப்படித்தான் இறங்குகிறீர்களா?” அவர் சிரித்தார். “இறங்கியதால்தானே வீடு வந்து சேர்கிறேன்” என்றார்.

உடைந்த மூலையை ஒட்டிச் சரிசெய்தோம். உற்று நோக்கினால் தழும்பு தெரியும். அடுத்த ஞாயிறு, பையன் தந்தையின் பக்கத்து இருக்கையில் அமர்ந்து போடிவரை சென்றுவந்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நின்றவன் நான். அவனுக்கு நான் சொல்லத் தயங்கிய பாடத்தை, அந்த ஓட்டுநர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். உங்கள் வீட்டிலும் அத்தகைய ஆசிரியர் ஒருவர் இருக்கக்கூடும். இன்று மாலை அவருடைய தொழிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.