காருக்கு ஏற்ற எஞ்சின் ஆயில்

ஊரில் டிராக்டரும் ஆயில் எஞ்சினும் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு, மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ குடியிருக்கும் பிள்ளைகள் வீட்டில் காரும் இருக்கிறது. டிராக்டருக்கு வாங்கி மீதமிருக்கும் ஆயிலை அந்தக் காருக்கு ஊற்றலாமா என்று அடிக்கடி கேட்கிறீர்கள். இதற்கு விடை ஆயில் டப்பாவின் மேலேயே அச்சாகியிருக்கிறது. உரமூட்டையில் 17:17:17 என்று கண்டவுடன் தழை, மணி, சாம்பல் சத்துக்களின் அளவைச் சொல்லிவிடும் உங்களுக்கு இதைப் படிப்பது கடினமன்று.

எடுத்துக்காட்டாக, 15டபிள்யூ-40 என்ற ஆயிலை எடுத்துக் கொள்வோம். முன்னெண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைக் காட்டுகிறது. இந்த எண் குறையக் குறைய, கடுங்குளிரிலும் ஆயில் கெட்டியாகாமல் ஓடும். 15 வகையைப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியிலும், 5 வகையை 30 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். பின்னெண் 100 டிகிரி சூட்டில் உள்ள பாகுத்தன்மையைக் குறிப்பதாகும். 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை.

"சென்னை வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் தாங்கும்" என்று மெக்கானிக்குகள் சிலர் சொல்வதுண்டு. அம்பாசிடர், பத்மினி கார்கள் ஓடிய காலத்தில் 20டபிள்யூ-40 போன்ற ஆயிலே வழக்கில் இருந்ததால் வந்த எண்ணம் இது. எஞ்சின் சூடேறியபின், ஊட்டியானாலும் தியாகராய நகரானாலும் குளிர்விக்கும் நீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே நிற்கும்படி தெர்மோஸ்டாட் பார்த்துக் கொள்கிறது. இன்றைய எஞ்சின்களில் பாகங்களுக்கு இடையேயுள்ள இடைவெளி மிகக் குறுகலானது. ஆகவே 0டபிள்யூ-20 என்று கையேட்டில் போட்டிருந்தால் அதையே ஊற்ற வேண்டும். 40ஐ ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மேல்பாகங்களுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும். எஞ்சின் அதிகம் தேய்வதும் அந்த நேரத்தில்தான்.

அடுத்தது எழுத்து. எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு. சி என்று தொடங்கினால் டீசலுக்கு. எஸ்.என்.ஐவிட எஸ்.பி. பிந்தியது, 2020இல் வந்தது. டிராக்டருக்கு வாங்கும் சி.ஐ-4 போன்ற ஆயிலில் கரிப்புகையைச் சமாளிக்கும் மருந்துகள் கூடுதலாக இருக்கின்றன. அதையே பெட்ரோல் காரில் ஊற்றினால், அதிலுள்ள பாஸ்பரஸ் நாளடைவில் புகைபோக்கியிலுள்ள வினையூக்கியைக் கெடுக்கும். பயிருக்குப் பாஸ்பரஸ் எவ்வளவு நல்லதோ, இதற்கு அவ்வளவு ஆகாதது! 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ்.6 டீசல் கார்களில் கரித்துகள் வடிகட்டி இருந்தால், சாம்பல் குறைந்த ஆயிலே வேண்டும். மற்ற ஆயிலின் சாம்பல் வடிகட்டியை அடைத்துவிடும். மாற்றும் செலவு பெருஞ்செலவு.

பனகல் பூங்காவிலிருந்து உஸ்மான் சாலையைக் கடக்கவே அரைமணி ஆகும் நகரில், கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாற்றுவது போதாது. குறுந்தூரம் ஓடி நிற்கும் காரில் ஆயில் முழுவதும் சூடேறுவதில்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் அதில் தங்கி நீர்க்கச் செய்கின்றன. கையேட்டில் கூறியுள்ள மாதக் கணக்கையும் பாருங்கள். இரண்டில் எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பகுதிகளில் கார்கள் நீரில் மூழ்கின. நீர் வடிந்தவுடன் சாவியைத் திருகிப் பார்ப்பதுதான் பெருங்கேடு. சிலிண்டருக்குள் நீர் இருந்தால், காற்றைப்போல் அது அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்டார்ட் செய்யாமல், பேட்டரி இணைப்பைக் கழற்றி, வண்டியைக் கட்டி இழுத்துச் செல்லச் செய்யுங்கள். அளவுக் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் நீர் கலந்துவிட்டது என்று அறியலாம். அந்த ஆயில் உராய்வைத் தடுக்காது. ஆயிலையும் பில்டரையும் மாற்றி, மெக்கானிக் சிலிண்டர்களைச் சோதித்த பிறகு சிறிது நேரம் ஓடவிட்டு, மீண்டும் ஒருமுறை மாற்ற வேண்டும். வெள்ளத்தில் நின்ற டிராக்டருக்கும் இறைப்பு எஞ்சினுக்கும் இதே முறைதான்.

வடித்த பழைய ஆயிலை வாய்க்காலிலோ கிணற்று மேட்டிலோ ஊற்றாதீர்கள். அது சட்டப்படி அபாயக் கழிவாகும். ஒரு டப்பாவில் மூடி வைத்து, மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பணிமனையில் கொடுத்துவிடுங்கள்.