சுவரில் துளை போடும் உரிமை
(குருநகரில் கடற்றொழிலாளர் குடும்பங்களுடனான சந்திப்பில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



பழைய வீடுகளுக்கு இன்டர்நெட்டும் தொலைக்காட்சியும் எடுப்பது பற்றிப் பேசச் சொன்னீர்கள். மலையகத்திலிருந்து வந்திருக்கும் எங்களுக்கும் அது அன்றாடப் பிரச்சினைதான்.

முதலில் உங்கள் வீடுகள். சுண்ணாம்புக் கல்லால் கட்டிய தடித்த சுவர்கள். முன் விறாந்தையில் ரவுட்டரை வைத்தால் பின்னறையில் படிக்கும் பிள்ளைக்குச் சிக்னல் வராது. வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் வையுங்கள். தூர அறைக்கு நெட்வேர்க் கேபிளைத் தனிக் குழாயில் கொண்டுபோங்கள். கரண்ட் வயர் போகும் குழாய்க்குள் அதை நுழைக்க வேண்டாம். பழைய வயரின் உறை உரிந்திருந்தால் மின்சாரம் கேபிளிலும் பாயும். உப்புக் காற்று செம்பை அரிக்கும். கூரையில் டிஷ் அன்டெனாவின் மூட்டுகளை நீர் புகாமல் மூடுங்கள். இடி முழங்குமுன்பே பிளக்கையும் அன்டெனா வயரையும் கழற்றிவிடுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, எர்த் சரியா, ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா என்று தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு பார்க்க வேண்டும்.

இனி எங்கள் லயங்கள். வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய, 10 அடிக்கு 12 அடிக் காம்பராக்கள் இன்றும் இருக்கின்றன. ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள். ஓர் இணைப்பிலிருந்து பக்கத்துக் காம்பராவுக்கு வயர் இழுப்பதும் உண்டு. ஒரு காம்பராவில் வயர் பற்றினால் முழு லயமும் எரிந்துபோகிறது. அதன்மேல் இன்னொரு வயரை இழுக்கும்போது நாங்கள் பயப்படுவது அதற்காகத்தான்.

உங்கள் சுவரில் துளை போடுவதை நீங்களே தீர்மானிக்கலாம். நாங்கள் தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். 1972 இலும் 1975 இலும் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. தலைமுறைகளாகக் குடியிருக்கும் தொழிலாளிக்கு லயத்துச் சுவர் சொந்தமாகவில்லை. பல லயங்களில் வீட்டு இலக்கம்கூட இல்லை. கடிதம் தோட்டத்தின் பெயருக்கே வருகிறது. இணைப்புக்கு விண்ணப்பித்தால் முதலில் கேட்பதோ முகவரி.

1990களில் நீங்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட கதையை நாங்கள் அறிவோம். எங்கள் கதை வேறு. லக்சபான மின்நிலையம் 1950 இலேயே எங்கள் மலைகளின் நடுவில் இயங்கத் தொடங்கியது. அதன் கம்பிகள் தேயிலை மலைகளுக்கு மேலாக நாடு முழுவதும் போயின. கம்பிகளுக்குக் கீழே இருந்த லயங்களில் பல பத்தாண்டுகளாகக் குப்பி விளக்குதான்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஆசிரியர்களாகிய நாங்கள் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினோம். வீட்டில் ஒரே போன். அது அம்மாவுடன் மலைக்குப் போய்விடும். பிள்ளை மாலைவரை காத்திருக்கும். அந்த இடைவெளி இன்னும் அடைபடவில்லை.

எனவே எங்கள் கோரிக்கைகள் நான்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் முகவரியும் வேண்டும். இணைப்பு எடுக்க நிர்வாகத்தின் கடிதம் தேவைப்படக் கூடாது. லயங்களின் பழைய வயரிங்கை நிர்வாகமே மாற்ற வேண்டும். அதைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. கட்டப்படும் புதிய வீடுகளுக்குக் காணி உறுதி வழங்க வேண்டும். சுவர் எழும்போதே கரண்டுக்கு ஒன்று, இன்டர்நெட்டுக்கு ஒன்று என இரண்டு குழாய்கள் வைக்க வேண்டும். பூசிய பிறகு உடைத்தால் செலவு தொழிலாளியின் தலையில்தான் விழும்.

உங்கள் சங்கங்களும் இந்தக் கோரிக்கைகளில் எங்களோடு கையொப்பமிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.