ஆட்சேபனை எழுத ஏழு பேர் இருக்கிறார்களா?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

முன்னே நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கின்றன. வந்து உட்காருங்கள். இன்று நான் பேசப்போவதே காலி நாற்காலியைப் பற்றித்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். ஒரு கடைத்தெரு. இரு பக்கமும் பெரும்பாலும் நம்மவர் கடைகள். பாத்திரக்கடை, ஜவுளி, செருப்பு, இரண்டு பிரியாணிக் கடை. ஒருநாள் காலையில் ஆட்கள் வந்து சுவரில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சாலை அகலப்படுத்தப் போகிறார்களாம். கடைகளின் முன்பக்கம் பாதிக்கு மேல் கோட்டுக்குள் வந்துவிட்டது. ஊரே பதறியது. ஆர்ப்பாட்டம் அறிவித்தோம். கொடி, ஒலிபெருக்கி, நோட்டீஸ் எல்லாம் ஒரே நாளில் தயார். அதில் நமக்குக் குறையே கிடையாது. ஆர்ப்பாட்டத்திற்கு முன் மனு கொடுக்க ஐந்து பேர் அலுவலகத்திற்குப் போனோம். அந்த அதிகாரி எங்களை மரியாதையாக உட்கார வைத்து ஒரு கோப்பை எடுத்துக் காட்டினார். பெருந்திட்ட வரைவு வெளியான தேதி, நாளிதழில் அறிவிப்பு வந்த தேதி, ஆட்சேபனை தெரிவிக்க வைத்திருந்த கடைசித் தேதி, எல்லாம் முடிந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. "உங்கள் தெருவிலிருந்து ஒரு தபால் அட்டைகூட வரவில்லையே பாய்" என்றார்.

பிறகு இன்னொரு தாளைக் காட்டினார். அடுத்த தெருக் குடியிருப்போர் சங்கத்தின் கடிதம். பதிவு எண் போட்ட லெட்டர்பேடு, இரண்டே பக்கம், தெருவின் அகலம் அளந்து போட்ட ஒரு படம். முதல் வரைவில் அந்தத் தெருவும் பாதிக்கப்பட்டிருந்தது. இறுதித் திட்டத்தில் கோடு நகர்ந்துவிட்டது. எங்கே நகர்ந்தது என்று நான் சொல்ல வேண்டுமா? வாய் திறக்காதவன் கடைமேல் நகர்ந்தது.

கட்டட உரிமையாளர்களுக்கு ஏதோ இழப்பீடு கிடைத்தது. பகடி கொடுத்து வாடகைக்கு இருந்த வியாபாரிக்கு என்ன கிடைத்தது? திரும்பி வரும்போது எங்களோடு வந்த பெரியவர் ஒருவர், "அந்த அறிவிப்பு வந்த பேப்பரில்தான் நம்ம கடையில் சமோசா மடித்துக் கொடுத்திருப்போம்" என்றார். சிரித்தோம். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கூட்டம் சேர்க்கவும் கோஷம் போடவும் இத்தனை பேரைப் பழக்கியிருக்கிறேன். ஆட்சேபனை எழுத ஒருவரைக்கூட நான் பழக்கியிருக்கவில்லை.

நகரத் திட்டம் என்றால் ஏதோ என்ஜினீயர் விவகாரம், நமக்கென்ன என்று நினைக்கிறோம். மதரஸாவில் ஓதிய எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் பாதை அகலத்தில் தகராறு வந்தால் ஏழு முழம் விடவேண்டும் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருப்பதை ஓதித்தானே வந்தோம்! ஹிஜ்ரி 17ல் கூஃபா நகரம் அமைக்கப்பட்டபோது பெருந்தெருக்கள் 40 முழம், அடுத்தவை 30, 20, சந்துகள் 7 முழம் என்று உமர் (ரலி) அவர்கள் உத்தரவு அனுப்பியதாக தபரீ வரலாற்றில் இருக்கிறது. ஒரு கலீஃபா சந்தின் அகலத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். நாமோ சந்தை அடைத்துத் தட்டி கட்டிவிட்டு, கேட்டவனிடம் சண்டைக்குப் போகிறோம். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இப்போது அமெரிக்காவில் உள்ள பிலடெல்பியா நகரத்தைப் பார்ப்போம். கறுப்பின முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் நகரம். 1682ல் வில்லியம் பென் கட்டம் கட்டமாகத் தெரு வகுத்து உருவாக்கிய ஊர். எந்த இடத்தில் வீடு, எங்கே கடை, எவ்வளவு உயரம் என்று சொல்லும் அவர்களுடைய பழைய விதித்தொகுப்பு திருத்தம்மேல் திருத்தமாகிக் குழம்பிக் கிடந்தது. 2007ல் மக்களிடம் வாக்கெடுத்து, அதைத் திருத்தி எழுத 31 பேர் கொண்ட ஆணையத்தை அமைத்தார்கள். புதிய விதித்தொகுப்பு 2012 ஆகஸ்ட் 22ல் நடைமுறைக்கு வந்தது. அதில்தான் 'பதிவு பெற்ற சமுதாய அமைப்பு' என்ற ஏற்பாடு வந்தது.

ஏற்பாடு இதுதான். ஒரு வட்டாரத்து மக்கள் சங்கம் வைக்கிறார்கள். தங்கள் எல்லை எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவரை என்று வரைந்து, நகரத் திட்டக் குழுவிடம் பதிவு செய்கிறார்கள். கூட்டம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்குப் பிறகு அந்த எல்லைக்குள் ஒருவர் விதிக்கு விலக்குக் கேட்டு, உதாரணமாகக் குடியிருப்புப் பகுதியில் மதுக்கடை திறக்க, அல்லது மூன்று மாடி இடத்தில் ஆறு மாடி கட்ட விண்ணப்பித்தால், அந்தச் சங்கத்திற்கும் அக்கம்பக்கத்தாருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மக்கள் முன்னால் வந்து நின்று விளக்க வேண்டும். 45 நாளுக்குள் அந்தக் கூட்டத்திற்கு வாய்ப்புத் தரவேண்டும். கூட்டத்தில் சொன்னதைச் சங்கம் எழுதி, முடிவெடுக்கும் வாரியத்திற்கு அனுப்பும்.

சங்கத்திற்குத் தடுக்கும் அதிகாரம் கிடையாது. கருத்துச் சொல்லும் உரிமை மட்டுமே. "இதனால் என்ன பயன்?" என்று முன்வரிசையில் ஒருவர் தலையாட்டுகிறார். பயன் இருக்கிறது பாய். கட்டப்போகிறவன் உங்கள் தெருவுக்கு வந்து உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டியிருக்கிறது. குப்பை எங்கே கொட்டுவாய், லாரி எத்தனை மணிக்கு வரும் என்று அங்கேயே பேரம் நடந்துவிடுகிறது. தெருவில் யாருக்கும் தெரியாமல் கோடு போட முடியாது.

அங்கேயும் குறை இல்லாமலில்லை. ஒரே தெருவுக்கு இரண்டு மூன்று சங்கங்கள் உரிமை கொண்டாடுகின்றன. அரசியல் கட்சிகளின் வார்டு கமிட்டிகளும் பதிவு செய்துகொள்கின்றன. வீட்டுக்காரர்கள் வந்து உட்காருகிறார்கள், வாடகைக்கு இருப்பவன் வேலைக்குப் போய்விடுகிறான். நாலு பேர் சேர்ந்துகொண்டு தெருவே தாங்கள்தான் என்று பேசுவதும் உண்டு. நம் ஊர்ச் சங்கங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இந்தக் கத்தி இருபுறமும் வெட்டும். பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் பெர்னார்ட்ஸ் என்று ஒரு டவுன்ஷிப். அங்கே பாஸ்கிங் ரிட்ஜ் இஸ்லாமிய சங்கம் 2011ல் நான்கு ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கி, 2012ல் பள்ளிவாசல் கட்ட விண்ணப்பித்தது. சங்கத் தலைவர் முகம்மது அலி சௌத்ரி. அவர் அதே ஊருக்கு 2004ல் மேயராக இருந்தவர்! அந்த இடத்தில் வழிபாட்டுத் தலம் கட்ட விதி அனுமதித்திருந்தது. இருந்தும் கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகளில் 39 பொது விசாரணைகள் நடந்தன. "முஸ்லிம் வேண்டாம்" என்று யாரும் தீர்மானத்தில் எழுதவில்லை. கார் நிறுத்துமிடம் என்றார்கள், மழைநீர் வடிகால் என்றார்கள், வேலி என்றார்கள். தேவாலயங்களுக்கு வைத்த கணக்கின்படி 50 கார் இடம் போதும். பள்ளிவாசலுக்கு மட்டும் 107 கேட்டார்கள். 2015 டிசம்பரில் விண்ணப்பத்தை நிராகரித்தார்கள்.

சங்கம் 2016ல் வழக்குப் போட்டது. அந்நாட்டு நீதித்துறை அமைச்சகமே தனியாக ஒரு வழக்குத் தொடுத்தது. மதத் தலங்களுக்கு நில விதிகளில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 2000ல் அங்கே இயற்றிய சட்டம் கைகொடுத்தது. கார் நிறுத்தக் கணக்கில் பாகுபாடு இருந்தது என்று நீதிமன்றம் சொன்னது. 2017 மே மாதம் டவுன்ஷிப் 32 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து, பள்ளிவாசலுக்கும் அனுமதி தர ஒப்புக்கொண்டது.

இந்தக் கதையைச் சொல்லி உங்களைத் தக்பீர் முழங்க வைப்பது எளிது. நான் பார்ப்பது வேறு. 39 விசாரணைக்கும் அவர்கள் வரைபடத்தோடு போனார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுத்தில் இருந்தது. அதனால்தான் நீதிமன்றத்தில் காட்டுவதற்குக் கையில் காகிதம் இருந்தது. நம்மில் எத்தனை பள்ளிவாசலுக்கு வரைபட அனுமதி முறையாக இருக்கிறது? கேட்டால், "அல்லாஹ்வின் வீட்டுக்கு அனுமதியா?" என்று கோபப்படுகிறோம். சீல் வைக்க ஆள் வந்தபிறகு வக்கீலைத் தேடுகிறோம்.

சரி, நம் நாட்டில் வழி இருக்கிறதா? இருக்கிறது. பிலடெல்பியாவைப் போல, சங்கத்திற்கு எழுதி அனுப்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை. நாம்தான் தேடிப் போகவேண்டும். 1993 ஜூன் 1ல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று 18 பணிகளைப் பட்டியலிட்டது. அதில் முதலாவதே நகரத் திட்டம். மூன்று லட்சத்திற்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் என்றும் அது சொன்னது. நம் மாநிலத்தில் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வர 2022 ஆகிவிட்டது! அவ்வாண்டு நவம்பர் 1ல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. எத்தனை பேர் போனோம்? வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் போய்ப் பேசலாம். நான் விசாரித்த ஒரு பகுதியில், நம் தெருவிலிருந்து வந்தது ரேஷன் கடைப் பிரச்னை சொல்ல வந்த இரண்டு பெண்கள் மட்டும். அவர்கள் சொன்னது பதிவேட்டில் ஏறியது. நாம் டீக்கடையில் பேசியது எங்கும் ஏறவில்லை.

அடுத்து, 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். பெருந்திட்ட வரைவு வெளியிட்டால் ஆட்சேபனை சொல்ல இரண்டு மாதத்திற்குக் குறையாமல் அவகாசம் தரவேண்டும். சென்னைக்கான இரண்டாம் பெருந்திட்டம் 2008ல் ஒப்புதல் பெற்றது. அது 2026ஐ இலக்காக வைத்து எழுதப்பட்டது. அதற்கடுத்த திட்டத்திற்கான வேலைகளும் கருத்துக் கேட்புகளும் தொடங்கியபோது நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்தது? உங்கள் கடை அந்த வரைபடத்தில் வணிகப் பகுதியில் இருக்கிறதா, குடியிருப்பில் இருக்கிறதா என்பதாவது தெரியுமா? கடை வாங்கும்போது மூலப்பத்திரத்தைப் பார்க்கிறோம். வரைபடத்தைப் பார்ப்பதில்லை.

தள்ளுவண்டி, தரைக்கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். 2014ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். குழுவில் 40 சதவீதத்திற்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத் திறனாளிகளோடு சிறுபான்மையினருக்கும் உரிய பிரதிநிதித்துவம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. தொண்டு அமைப்புகளுக்கும் வட்டார சமுதாய அமைப்புகளுக்கும் 10 சதவீதத்திற்குக் குறையாத இடம். வியாபாரிகள் சங்கம், குடியிருப்போர் சங்கத்திற்கும் இடமுண்டு. எந்தத் தெருவில் வண்டி நிற்கலாம் என்பதில் பரிந்துரை செய்வது இந்தக் குழு. கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. சான்று பெற்றவரை இடம் மாற்றினாலும் 30 நாள் அறிவிப்புத் தரவேண்டும். இத்தனையும் சட்டத்தில் இருக்க, நாம் மாதாமாதம் யாருக்கோ மாமூல் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த மேசைகளில் தனியாளாகப் போனால் ஒரு பேச்சு, பதிவு பெற்ற சங்கமாகப் போனால் வேறு பேச்சு. 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும். துணைவிதி எழுதி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். பதிவோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் செய்யவேண்டும். நம் சங்கங்கள் பல இதில்தான் மூச்சடைத்துச் செத்துப் போகின்றன.

"ஜமாஅத் இருக்கிறதே, எதற்கு இன்னொரு சங்கம்?" என்று முத்தவல்லிகள் கேட்பார்கள். ஜமாஅத் தொழுகைக்கும் நிக்காஹ்வுக்கும் அடக்கத்தலத்திற்கும். தெருவில் குடியிருப்பவர் நாம் மட்டுமல்ல. முனையில் இருக்கும் நாடார் மளிகைக்கடை, மாடியில் இருக்கும் கிறிஸ்தவ டீச்சர், எதிர்வீட்டு ஆசாரி, எல்லோர் வீட்டுச் சாக்கடையும் ஒரே வாய்க்காலில்தான் போகிறது. தெருச் சங்கம் என்றால் அவர்களும் இருக்கவேண்டும், பெயருக்காக அல்ல, பொறுப்பில். தலைவர் அந்த டீச்சராக இருந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். நான் சொல்லும் இந்த விஷயம் சிலருக்குக் கசக்கும் என்று தெரியும். ஆனால் சிவப்புக் கோடு பாத்திரக்கடையிலும் மளிகைக்கடையிலும் ஒரே அளவில்தான் விழுந்தது. அன்று மளிகைக்கடை அண்ணாச்சியும் நாங்களும் தனித்தனியாக மனு கொடுத்தோம். இரண்டும் தாமதம்.

இந்த வேலையில் மாலை கிடையாது, போஸ்டரில் படம் கிடையாது. வாரம் ஒருமுறை நகராட்சி அறிவிப்புப் பலகையைப் பார்த்துவர ஒரு மாணவர் போதும். நாளிதழில் அறிவிப்புப் பக்கத்தை வெட்டி வைக்க ஒரு கடைக்காரர் போதும். அளக்கத் தெரிந்த ஒரு கொத்தனார், எழுதத் தெரிந்த ஒரு தங்கை, வரவு செலவு எழுத ஒருவர். எண்ணிப் பாருங்கள், ஏழு பேர் சேர்ந்துவிடும்.

மாதிரித் துணைவிதி ஒன்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், வாசலில் மேசைமேல் இருக்கிறது. கடைத்தெரு, பஸ் நிலையப் பகுதி, ஆற்றங்கரைத் தெரு, மூன்று பகுதிக்கும் தனித்தனி நோட்டு வைத்திருக்கிறோம். பெயரையும் கதவு எண்ணையும் எழுதுங்கள். அடையாள அட்டை நகல் நாளை அஸருக்குப் பிறகு கொடுத்தால் போதும். தள்ளுவண்டிச் சகோதரர்கள் சான்று வாங்கியிருக்கிறீர்களா இல்லையா என்பதையும் பெயருக்கு நேரே குறித்துவிடுங்கள். மக்ரிப் வரை நான் இங்கேதான் இருப்பேன்.